செத்த மீன்களில் விரால் இல்லை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை பருந்துகள். ஏரிக்கு மேலே அத்தனை பருந்துகளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கரைமேல் ஊர்ஜனம் பாதி நின்றிருந்தது.

தண்ணீர் பிடிக்கும் பாட்டில்கள் அடங்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கரை ஏறியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஓரமெல்லாம் மீன். வெள்ளை வயிறு மேலே தெரிய, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. காற்றில்லை, அலையில்லை. தண்ணீர் அரைத்த மருதாணி நிறத்தில் கெட்டியாகக் கிடந்தது. நாற்றம் இன்னும் கிளம்பவில்லை. பாசி வாடை மட்டும் தொண்டையில் ஒட்டியது.

எழுபதுகளின் தொடக்கம். புரட்டாசி மாதம். காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர் தாண்டி, தென்னேரிக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன ஏரி அது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அன்று கரையில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே பயிர் வைக்கிறார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையில் மீனை வாரிக்கொண்டிருந்தார் ஏகாம்பரம். அந்த வருடம் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் கூடையைக் கரையில் வீசினார்.

"பாருங்க டீச்சரம்மா, நல்லா பாருங்க. வெஷம்! அந்த சாயக்கார பாய் வெஷத்த உட்டுட்டான்!"

நான் டீச்சர் இல்லை. ஆராய்ச்சி மாணவி என்றால் அங்கே யாருக்கும் விளங்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டியோடு வருகிற பெண் வேறு யாராக இருக்க முடியும்?

குட்டையைப் பார்க்கவா படித்தாய்?

இந்தத் தொடரில் போன வாரம், சென்னையில் இருந்த என் ஆய்வகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே எல்லோருக்கும் கடல்தான் கண். கடல் மீன், கடல் பாசி, கடல் புழு. ஏரியைப் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அதில் என்ன இருக்கு?" என்றார். அம்மா இன்னும் நேராகக் கேட்டாள்: "குட்டையைப் பார்க்கவா இவ்வளவு படிச்சே?"

அதில் என்ன இருக்கிறது என்று தெரியாததால்தான் போனேன். மழை எங்கே விழுகிறது, எந்த வயல் வழியாக, எந்தத் தெருச் சாக்கடை வழியாக ஏரிக்கு வருகிறது, வருகிற வழியில் எதையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. செவிலிமேட்டில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். வாராவாரம் பஸ் பிடித்து இந்த ஏரிக்கு வருவேன்.

ஒரு பழைய பீங்கான் தட்டில் பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, நடுவில் கயிறு கட்டி, தோணியிலிருந்து தண்ணீரில் இறக்குவேன். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அந்த அளவுக்குத் தண்ணீர் தெளிவு என்று கணக்கு. "தட்டுல சோறு போட்டு எறக்கினா மீனு தானா வரும்மா" என்று கரையில் துணி துவைக்கும் பெண்கள் கேலி செய்வார்கள்.

நான் வந்த முதல் வருடம் அந்தத் தட்டு என் இடுப்பளவு ஆழம் வரை தெரிந்தது. அந்தப் புரட்டாசியில் முழங்கை நனைவதற்குள் மறைந்துவிட்டது. தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்தது. எனக்கு அது கவலையாக இருந்தது. ஆனால் கவலைப்படு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரே வார்த்தை

பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அதட்டிப் பேசாத மனிதர். அன்றும் மெதுவாகத்தான் பேசினார்.

"நீங்க தண்ணிய படிச்சவங்க. வெஷமா இல்லியா, ஒரே வார்த்த சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

மற்றது என்னவென்று எனக்குத் தெரிந்தது. ஊரின் ஓரத்தில் கால்வாய் தொடங்குகிற இடத்தில் காசிம் பாயின் சாயப்பட்டறை இருந்தது. நெசவுக்குப் போகிற பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றித் தருவார். முந்தின நாள் சாயங்காலம் கால்வாயில் சிவப்புத் தண்ணீர் ஓடியதை மாடு ஓட்டிப்போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். காலையில் மீன் செத்துக் கிடக்கிறது. இதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? பட்டறை வைத்திருந்தவர் அவர்களில் ஒருவராக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் கை ஓங்கியிருப்பார்களா என்று அப்போதே தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

விஷம் என்று சொன்னால் பட்டறை நொறுங்கும். அதோடு நிற்குமா என்பதும் தெரியாது. விஷம் இல்லை என்று சொல்லி, அது விஷமாக இருந்துவிட்டால்? கூடை கூடையாக மீன் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இந்த மீனை யாரும் சாப்பிட வேண்டாம். மாட்டை இறக்காதீங்க. நாளைக்குக் காலையில சொல்றேன்" என்றேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது: "யாராவது சாப்பிட்டுட்டீங்களா?"

ஏகாம்பரத்தின் முகம் மாறியது. விஷம் விஷம் என்று அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் தண்ணீரை உதறிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

அவர் மனைவி தனம் அடுப்படியில் இருந்தாள். குழம்புச் சட்டி பாதி காலி. நாலு வயதுப் பெண் குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உசுரோட துடிச்சிக்கினு இருந்த மீனுதானே குடுத்தாரு! செத்தத நான் ஆக்குவனா?" என்றாள் தனம். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே நடுக்கம் எடுத்துவிட்டது. குழந்தையை இழுத்து, உப்புத் தண்ணீரைப் புகட்டி, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது.

அந்த அழுகை தெருவுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில், ஏகாம்பரத்தின் பெண் விஷ மீன் தின்று வாந்தி எடுக்கிறது என்ற சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நான் வாசலுக்கு வந்தபோது கோதண்டம் சொன்னார்: "காலைல வரைக்கும் நிறுத்தி வெக்கறேன். அதுக்கு மேல என் பேச்சு நிக்காது."

கூடையில் இல்லாதவை

கரைக்குத் திரும்பி, ஏகாம்பரம் வீசிய கூடையைக் கொட்டி மீன்களைப் பிரித்தேன். கட்லா, சேல் கெண்டை, கெளுத்தி. பெரியவை அதிகம், பொடிசுகள் குறைவு. மீண்டும் பார்த்தேன். ஓரமாக நடந்து மிதப்பவற்றையும் பார்த்தேன்.

விரால் ஒன்றுகூட இல்லை. தேளியும் இல்லை. அந்த ஏரியில் இரண்டும் நிறைய உண்டு என்று எனக்குத் தெரியும். தவளைகள் கல்லிடுக்கில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தன.

விராலும் தேளியும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கி உயிர் வாழக்கூடியவை. கெண்டைக்கு அது முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. விஷமென்றால் பொடிசுகள் முதலில் போயிருக்க வேண்டும். ஒருவேளை இது விஷமே இல்லையோ? தண்ணீரில் மூச்சு தீர்ந்துபோயிருக்குமோ?

ஒருவேளை. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தை நிறுத்த முடியாது. தண்ணீரை அப்போதே சோதித்துப் பயனில்லை. மேகமூட்டம்தான், ஆனாலும் பகல் ஏறினால் பாசி மறுபடி கொஞ்சம் காற்றை உண்டாக்கிவிடும். விடிவதற்கு முன்னால் எடுத்தால்தான் உண்மை தெரியும். அதற்கு ஒரு ராத்திரி கடக்க வேண்டும்.

அடுத்த பஸ்ஸில் டவுனுக்குப் போய், தபாலாபீசில் காத்திருந்து, சென்னைக்கு டிரங்க் கால் போட்டேன். பேராசிரியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"சாம்பிளை இங்கே கொண்டு வா, வசந்தா. ரிசல்ட் வரும்வரை வாயைத் திறக்காதே."

"ரிசல்ட்டுக்கு வாரக்கணக்கில் ஆகும் சார். இங்கே நாளைக் காலையில்..."

"நீ ஆராய்ச்சி மாணவி. போலீஸ் இல்லை."

இணைப்பு அறுந்தது. அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் அழுகையை அவர் கேட்கவில்லை.

பட்டறையில்

அங்கிருந்து ஊருக்குத் திரும்பி, நேராகக் காசிம் பாயின் பட்டறைக்குப் போனேன். மூங்கில்களில் அரக்குச் சிவப்பு நூல் ஈரத்தோடு தொங்கியது. அடுப்புகள் அணைந்திருந்தன. வேலையாட்கள் யாரும் இல்லை. சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது.

காசிம் பாய் ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். முழங்கை வரை கைகள் ரத்தம் தோய்ந்த மாதிரி இருந்தன. மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் ஆற்காட்டில் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார். மூத்த மகள் நூர்ஜஹான் மட்டும் கதவோரம் நின்றாள். நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. அவளைப் பஸ்ஸில் ஏற்றப் பயந்திருக்கிறார்.

"நேத்து சாயத் தண்ணிய விட்டீங்களா பாய்?"

"விட்டேன்மா. பொய் சொல்ல மாட்டேன். எப்பவும் விடறதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "நான்தான் கொன்னுட்டேனா?"

அவர் அதை வாதாடுவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கே தெரியவில்லை. அவர் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். வருகிற கூட்டத்தை நினைத்து மட்டுமல்ல, அந்தக் கேள்வியை நினைத்தும்.

"தெரியலை பாய். பார்க்கிறேன்."

பட்டறையிலிருந்து ஏரி வரை கால்வாய்க் கரையோடு நடந்தே போனேன். கொஞ்ச தூரம் தண்ணீர் சிவப்பாகத் தேங்கியிருந்தது. பிறகு தெருச் சாக்கடை வந்து சேர்ந்து கறுத்தது. அப்புறம் மணலுக்காக யாரோ ஆழமாகத் தோண்டிய ஒரு பள்ளம். முந்தின நாள் வந்த தண்ணீர் மொத்தமும் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கால்வாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மணலில் சிவப்புக் கறை பள்ளத்தோடு நின்றிருந்தது.

நேற்றைய சாயம் ஏரிக்குப் போகவில்லை. ஆனால் போன வாரம் ஒரு மழை பெய்தது. அந்த மழையில் போயிருந்தால்? நடக்க நடக்க ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது.

அன்றிரவு தனத்தின் வீட்டிலேயே படுத்தேன். குழந்தை தூங்கியது. தனமும் நானும் தூங்கவில்லை.

வெள்ளையாக நின்ற பாட்டில்

வெளுக்கிற நேரத்தில் ஏகாம்பரம் தோணியை எடுத்தார். அவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வந்தார்.

தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்னச் சத்தம். கிட்டே போனதும் புரிந்தது. மிஞ்சியிருந்த கெண்டைகள் வாயை மேலே வைத்து, திறந்து மூடிக்கொண்டிருந்தன.

பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இரண்டு மருந்துகளைச் சொட்டினேன். தண்ணீரில் காற்று இருந்தால் பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். மூடிக் குலுக்கினேன். வெள்ளை. இடம் மாற்றி மறுபடி எடுத்தேன். வெள்ளை.

கரைக்கு வந்தபோது கூட்டம் சேர்ந்திருந்தது. சிலர் கையில் மண்வெட்டி இருந்தது. பாட்டிலைக் காட்டி விளக்கினேன். கோதண்டம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மருந்த ஊத்தறது நீங்க. வெள்ளயின்றீங்க, பழுப்புன்றீங்க. எங்களுக்கு இன்னாம்மா தெரியும்?"

நியாயமான பேச்சு. அப்போதுதான் வேறொரு வழி தோன்றியது.

"தனம், வீட்டுல பெரிய அண்டா இருக்குதா?"

அண்டா வந்தது. அதே ஏரித் தண்ணீரை நிரப்பச் சொன்னேன். ஓரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த கெண்டை ஒன்றை எடுத்து அதில் விட்டேன். செவுள் எப்போதாவது ஒருமுறை அசைந்தது. சொம்பால் தண்ணீரை மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, மறுபடி அண்டாவிலேயே ஊற்றினேன். மொண்டு மொண்டு ஊற்றினேன். என் கை சோர்ந்ததும் தனம் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

மீன் அசையவில்லை. யாரோ சிரித்தார்கள். இது தோற்றால் காசிம் பாய்க்கு என்ன ஆகும் என்று நினைக்கக்கூடப் பயமாக இருந்தது. கதவோரம் நின்ற அந்தப் பெண்ணின் முகம் மட்டும் நினைவில் வந்து போனது.

தனம் நிறுத்தவில்லை. தண்ணீர் நுரைத்தது. செவுள் கொஞ்சம் வேகமாக அசைந்தது. வால் ஒருமுறை புரண்டது. மீன் நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்து அண்டாவைச் சுற்றி வந்தது.

"தண்ணியை மாத்தலை. அதே தண்ணிதான்" என்றேன். "விஷமா இருந்தா இது பிழைக்குமா? தண்ணியில காத்து இல்லை. அவ்வளவுதான். ஊத்த ஊத்தக் காத்து கலந்துச்சு."

"காத்து எங்க போச்சி?" என்றார் கோதண்டம்.

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். போன வாரத்து மழை வயலில் போட்ட உரத்தையும் தெருச் சாக்கடையையும் கழுவி ஏரியில் சேர்த்தது. அதைத் தின்று பாசி மண்டியது. வெயில் இருந்தால் பாசி காற்றைக் கொடுக்கும். இருட்டில் தானே அதை எடுத்துக்கொள்ளும். மூன்று நாளாக மேகமூட்டம், தண்ணீரைக் கலக்கக் காற்றும் அடிக்கவில்லை.

கூட்டத்தில் சிலர் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருடங்களில்தான் குட்டையாக வளரும் புது நெல்லும் மூட்டை உரமும் அந்தப் பக்கம் வந்திருந்தன. முதல்முறையாகக் களத்தில் நெல் குவிந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

"அப்ப எங்க ஒரந்தான் கொன்னுச்சின்றீங்களா?" பின்னாலிருந்து ஒரு குரல்: "சாயக்காரன் கிட்ட இன்னா வாங்கின?"

நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

ஏகாம்பரம் அண்டாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அந்த ஏரியில் அதிகம் இழந்தவர் அவர்தான். எழுந்து திரும்பினார்.

"யோவ், மீனு நீந்திக்கினு இருக்குதே, கண்ணு தெரியலியா உனக்கு? எனக்கே போச்சி, நான் சும்மா நிக்கறேன். நீ எதுக்குத் துள்ற?"

ஒருவர் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வயலைப் பார்த்து நடந்தார். பிறகு இன்னொருவர். காசிம் பாயின் பட்டறைக்கு யாரும் போகவில்லை.

கோதண்டம் என்னைப் பஸ் நிற்குமிடம் வரை கொண்டுவந்து விட்டார். "நீங்க சொன்னது நெசமா கூட இருக்கும். ஆனா இனிமே இந்த ஏரிக்கு வராதீங்கமா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் ஆராய்ச்சி ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளிப்போனது. வேறு ஏரி தேட வேண்டியிருந்தது.

கிணற்றுத் தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒருநாள் காசிம் பாய் செவிலிமேட்டுக்கு என்னைத் தேடி வந்தார். குடையை வெளியே வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"நம்ம ஊட்டுக் கிணத்துத் தண்ணிமா. பொண்ணு இததான் குடிக்குது. ஏரிய பாத்தீங்க இல்ல, இதையும் கொஞ்சம் பாருங்க."

வெளிச்சத்தில் பிடித்தேன். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு ரோஜா நிறம். சென்னைக்கு எடுத்துப் போய்ச் சோதித்தேன். உப்பும் சோடாக் காரமும் அளவை மிஞ்சியிருந்தன, சாயமும் இருந்தது. திரும்பி வந்து அவரிடம் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இதை இனிமே குடிக்காதீங்க பாய்."

"ஏரிக்குக் காரணம் நான் இல்லன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"இது?"

"இது உங்க பட்டறைத் தண்ணிதான்."

அவர் தன் கைகளைக் கவிழ்த்து, நிமிர்த்தி, பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே கிணற்றின் மேல் பலகை போட்டு மூடிவிட்டார். நூர்ஜஹானுக்குத் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் போனது. ஆண் குழந்தை பிறந்தது; தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அந்தச் செய்தி கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தை மாதம் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டனுப்பினார். பட்டறையை மூடினால் சாப்பாடு இல்லை. கால்வாயில் விட மனம் வரவில்லை. தனியாகக் குழி வெட்டி அதில் விடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

"எந்தக் கிணத்துக்கும் போகாத எடமா நீங்களே காட்டுங்க. அங்க வெட்டறேன்."

பட்டறையின் பின்பக்கம் போய் நின்றேன். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தேன். இதைத்தானே படித்திருந்தேன்! கிழக்கே ஒரு வீடு, அதன் பின்னால் கிணறு. தெற்கே இரண்டு வீடு, நடுவில் பொதுக்கிணறு. மேற்கே அவருடைய கிணறு. வடக்கே ஏரிக்குப் போகிற கால்வாய். நான் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தேன்.

காசிம் பாய் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, நான் கை காட்டுவதற்காகக் காத்திருந்தார்.